பிடிபட்ட கத்தியைத் திருப்பிக் கேட்கலாமா?

கேள்வி: மும்பை செம்பூரில் வசிக்கிறேன், ஐ.டி. வேலை. பல வருடமாகப் பழைய பாணிக் கத்திகளைச் சேர்க்கிறேன். மடக்குக் கத்தி கிடையாது. குக்ரி, குடகு ஒடிகத்தி, பிச்சுவா, கட்டாரி என்று இருபதுக்கு மேல் இருக்கின்றன. போன மாதம் மூன்றுக்குத் தோலுறை தைக்கக் காரில் தாராவிக்குக் கொண்டுபோனேன். பார்க்கிங் தகராறில் என்மேல் காட்டமாக இருக்கும் பக்கத்து ஃப்ளாட்காரர் போலீசுக்குப் போன் போட்டுவிட்டார். சயானில் வண்டியை நிறுத்தி மூன்றையும் எடுத்துக்கொண்டு, எஃப்.ஐ.ஆர். போட்டு, நோட்டீஸ் கொடுத்து அனுப்பினார்கள். ஸ்டேஷனில் என்னை ரவுடி மாதிரி நடத்தினார்கள். ஆன்லைன் பில் இருக்கிறது. ஒடிகத்தியை விற்ற குடகுக்காரர் லைசென்ஸ் தேவையில்லை என்றார். பிச்சுவாவின் அலகு ஏழு அங்குலம்தான். கத்திகள் திரும்ப வேண்டும். நான் நேர்மையானவன் என்று காட்ட, மீதிக் கத்திகளின் படங்களோடு கமிஷனருக்குக் கடிதம் எழுதப் போகிறேன். பக்கத்து வீட்டுக்காரர்மேல் மானநஷ்ட வழக்கும் போட வேண்டும்.

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் பக்கத்து ஃப்ளாட்காரரும் அந்த சப்-இன்ஸ்பெக்டரும்தான். சப்-இன்ஸ்பெக்டர் உங்களை ஒருமையில் பேசியது தவறு. அதனால் உங்கள் வழக்கில் ஒன்றும் மாறாது. வழக்கு நிற்பது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரே வரியில்: "பழைய வேட்டியில் சுற்றி, டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் வைத்திருந்தேன்." போலீஸ் கை வைத்த நேரத்தில் கத்தி எங்கே இருந்தது, எதற்காக அங்கே இருந்தது? நீதிமன்றம் கேட்கப்போவது இதைத்தான்.

ஏழு அங்குலம் என்பதைப் பெரிய கவசமாக நினைத்திருக்கிறீர்கள். ஆயுத விதிகள் 2016-ன் முதல் அட்டவணை, ஐந்தாம் வகையில் வாள், குத்துவாள், ஈட்டி ஆகியவற்றோடு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டும் கத்திகள் வருகின்றன. நீங்கள் படித்தது அதை. ஆனால் உங்கள் எஃப்.ஐ.ஆரில் ஆயுதச் சட்டம் 4, 25 பிரிவுகளோடு மகாராஷ்டிர போலீஸ் சட்டம் 37(1), 135 பிரிவுகளும் இருக்கின்றன. 37-ன் கீழ் கமிஷனர் போடும் தடை உத்தரவுக்கு அங்குலக் கணக்கு கிடையாது. பொது இடத்தில் கத்தி, கம்பு, லத்தி, உடலுக்குக் காயம் உண்டாக்கக்கூடிய வேறு எதுவானாலும் அதில் அடக்கம். ஏழு அங்குலப் பிச்சுவாவும் அகப்படும். மாறாக, அலமாரியில் இருக்கும் கத்தியை அந்த உத்தரவு தொடாது. அதனால்தான் டிக்கி முக்கியம். இன்னொன்று: ஒடிகத்தி நீளத்தில் தப்பினாலும் அகலத்தில் தப்பாது. குடகுக்காரர்கள் இடுப்புக்குப் பின்னால் செருகும் அந்த அலகு எவ்வளவு அகலம் என்று உங்களுக்கே தெரியும்.

குடகுக்காரர் சொன்னது பொய்யில்லை, அவருக்கு. ஆயுதச் சட்டம் 41-ம் பிரிவின் கீழ் கொடவர்களுக்கும் குடகின் ஜம்மா எனப்படும் பரம்பரை நில உரிமையாளர்களுக்கும் மத்திய அரசு விலக்கு கொடுத்திருக்கிறது; 2019-ல் அதைப் பத்து வருடத்துக்கு நீட்டித்தது. அந்த விலக்கு ஆளோடு இருப்பது. கத்தியோடு சேர்ந்து கூரியரில் செம்பூருக்கு வராது.

பில்லைப் பற்றி ஒரு வார்த்தை. வாங்கியதற்கு அது சாட்சி, வைத்திருக்கும் உரிமைக்கு அல்ல. பில்லில் பொருளின் பெயர் என்ன போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். "அலங்காரப் பொருள்" என்றிருந்தால் பயன்படும். "போர்க் குத்துவாள், அசல் கூர்" என்று விற்பனைக்காரர் ஆர்வத்தில் அச்சடித்திருந்தால், அதை நீங்களாக யாரிடமும் நீட்ட வேண்டாம். ஆயுதச் சட்டத்தில் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்த பொருள் ஆயுதம் ஆகாது. எதற்காக வடிவமைத்தது என்பதே அங்கே கேள்வி. தேங்காய் வெட்டும் அரிவாளுக்கு அந்த வாசல் திறந்திருக்கிறது. இருபுறமும் கூர் வைத்த பிச்சுவாவைக் காட்டி, "வெண்டைக்காய் நறுக்க" என்று எந்த மாஜிஸ்ட்ரேட்டிடமும் நான் சொல்ல மாட்டேன்.

இப்போது உங்கள் முதல் ஆசைக்கு வருகிறேன், ஏனென்றால் இதில்தான் ஆட்கள் விழுகிறார்கள். முத்தேமாலை, அதாவது போலீஸ் கைப்பற்றிய பொருளை, திரும்பக் கேட்க பி.என்.எஸ்.எஸ். (குற்ற விசாரணை நடைமுறைச் சட்டம்) 497, 503 பிரிவுகளில் மனுப் போடலாம். பைக்குக்கும் செல்போனுக்கும் தினமும் போடுகிறோம். கத்திக்குப் போட்டால் மனுவில் என்ன எழுத வேண்டும்? "இந்த மூன்றும் என்னுடையவை, இன்ன தேதியில் இன்ன விலைக்கு வாங்கினேன், இன்ன நாளில் என் காரிலிருந்து எடுத்தார்கள்." கீழே உங்கள் கையெழுத்து, பக்கத்தில் உறுதிமொழி. அரசுத் தரப்பு சந்தேகமறக் காட்ட வேண்டியது கத்தி உங்கள் வசம், நீங்கள் அறிந்தே இருந்தது என்பதை. அதற்கு அவர்கள் நம்பியிருப்பது பஞ்சநாமாவை, அதாவது சாட்சிகள் முன்னால் பொருளை எடுத்ததாக எழுதும் காகிதத்தை. இந்த ஊர் நீதிமன்றங்களில் அந்தச் சாட்சிகள் கூண்டேறி "கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன்" என்று சொல்வது புதிதல்ல. அளவு தப்பாக இருக்கும்; பிடியையும் சேர்த்து அளந்து மொத்த நீளத்தை மட்டும் எழுதியிருப்பார்கள்; சீல் வைத்ததற்குக் குறிப்பு இருக்காது. இத்தனை ஓட்டைகளையும் அடைத்துக் கொடுக்கும் காகிதம் உங்கள் மனு. போலீசிடம் கொடுத்த ஒப்புதலையாவது பாரதிய சாக்ஷ்ய சட்டம் 23 தடுக்கும். நீங்களே நீதிமன்றத்தில் தாக்கல் செய்ததைத் தடுக்க ஒன்றும் இல்லை.

மனு ஜெயிக்குமா என்றால், வழக்கு முடியும்வரை கத்தியைக் கொடுக்க மாஜிஸ்ட்ரேட்டுகள் தயங்குவார்கள். தண்டனை வந்தால் ஆயுதச் சட்டம் 32-ம் பிரிவில் பறிமுதல் செய்துவிடலாம். கிடைக்காத பொருளுக்காக வழக்கையே தாரைவார்த்த கட்சிக்காரர்கள் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லோரும் "அது தாத்தா காலத்துப் பொருள் சார்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். மூன்று கத்தியும் போனது போனதுதான் என்று இருங்கள்.

கமிஷனருக்கான கடிதம் இதைவிட மோசம். போலீசிடம் சொன்னது செல்லாது என்று யாராவது தைரியம் சொல்லியிருப்பார்கள். சொன்னது செல்லாமல் போகலாம். அதைப் படித்துவிட்டு உங்கள் வீட்டு அலமாரியிலிருந்து எடுக்கும் கத்தி செல்லும். இன்று வழக்கில் இருப்பது மூன்று. படத்தோடு, வரிசை எண்ணோடு மீதியையும் அனுப்பினால், "சேகரிப்பாளர்" என்ற உங்கள் பேச்சு "விற்பனைக்கு வைத்திருந்தார்" என்ற அவர்கள் பேச்சாக மாற அதிக நாள் ஆகாது. நண்பர்களோடு கத்தி மாற்றிக்கொள்வதாகவும், சில சமயம் பணம் வாங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்களே, அது போதும் அவர்களுக்கு. இன்ஸ்டாகிராமில் தண்ணீர் பாட்டிலை ஒரே வீச்சில் வெட்டும் வீடியோ இருக்கிறது என்கிறீர்கள். புதிதாக எதுவும் போடாதீர்கள். போட்டதை அழிக்கவும் செய்யாதீர்கள். நோட்டீஸ் வாங்கிய பிறகு அழித்தால் சாட்சியத்தை மறைத்ததாகத் தனிக் குற்றம் தேடிவரும்.

எனக்கு எழுதிய கடிதத்தில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: வீட்டில் இருக்கும் கட்டாரிக்கு யானைத் தந்தப் பிடி, குடும்பச் சொத்து. மொத்தக் கடிதத்திலும் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான். அலகைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். பிடியைப் பற்றி வனத்துறை கேட்கும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, 57-ம் பிரிவின்படி தந்தப் பொருள் உங்களிடம் இருப்பது நிரூபணமானால் அது சட்டவிரோதம் என்றே வைத்துக்கொள்வார்கள்; இல்லையென்று காட்டுவது உங்கள் பாடு. யானை முதல் அட்டவணை விலங்கு, தண்டனை மூன்றிலிருந்து ஏழு வருடம். தலைமை வனவிலங்குக் காப்பாளர் கொடுத்த உரிமைச் சான்றிதழ் குடும்பத்தில் யார் பெயரிலாவது இருக்கிறதா என்று ஊரில் தேடச் சொல்லுங்கள். அதுவரை விற்காதீர்கள், பரிசாகக் கொடுக்காதீர்கள், பிடியைக் கழற்றி வீசாதீர்கள், கடிதத்தில் எழுதாதீர்கள். எனக்கும் எழுதியிருக்கக் கூடாது. இதைத் தனியாக, நேரில், வக்கீலிடம் பேச வேண்டும்.

ஆஜராகும் நாளில் நீதிமன்ற வாசலில் ஒருவர் உங்களைப் பிடிப்பார். "குற்றத்தை ஒத்துக்கிட்டா ஃபைன் கட்டிட்டு மத்தியானமே கிளம்பிடலாம்." 135-ல் 37(1) உத்தரவை மீறியதற்குக் காரணம் எழுதாமல் நான்கு மாதத்துக்குக் கீழே போக முடியாது, ஒரு வருடம் வரை போகலாம். ஆயுதச் சட்டப் பிரிவிலும் குறைந்தபட்சச் சிறை உண்டு; அதற்குக் கீழே இறங்க நீதிபதி சிறப்புக் காரணம் பதிய வேண்டும். கருணை காட்டி அபராதத்தோடு விட்டாலும் அது தண்டனைத் தீர்ப்புதான். கம்பெனி உங்களை ஜெர்மனிக்கு அனுப்பப் போகிறது என்கிறீர்கள். விசா படிவத்தில் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்?

பக்கத்து வீட்டுக்காரருக்கு வருவோம். மானநஷ்ட வழக்கு வேண்டாம். அவர் சொன்னது "காரில் கத்தி இருக்கிறது" என்று, இருந்தது. அவரோடு சமாதானமாகப் போனால் எஃப்.ஐ.ஆர். போய்விடும் என்றும் நினைக்க வேண்டாம், இந்த வழக்கில் புகார்தாரர் அரசு. ஆனாலும் சமாதானமாகப் போங்கள். அவரிடம் இன்னும் வாக்குமூலம் வாங்கவில்லை என்கிறீர்கள். வாங்கும் நாளில் அவர் "அன்று கத்தியைக் காட்டி மிரட்டினார்" என்று ஒரு வரி சேர்த்தால், தோலுறைக் கதை அதோடு காலி. அந்த வரிக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பது ஒரு கார் நிறுத்தும் இடம். கொடுத்துவிடுங்கள். சொசைட்டி செயலாளர் முன்னால், எழுத்தில், கத்தியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாமல், பார்க்கிங்குக்கு மட்டும் ஒரு உடன்பாடு. கௌரவம் பார்க்கிற நேரமில்லை இது.

வழக்கு ஒன்றும் கைவிட வேண்டியதல்ல. தடை உத்தரவு ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதிவரைதான் இருக்கும், எஃப்.ஐ.ஆரில் காலாவதியான உத்தரவின் எண்ணைப் போட்டிருக்கிறார்களா, ஆயுதச் சட்டம் 4-ம் பிரிவு இந்த ஊருக்குப் பொருந்தும் என்ற அரசு அறிவிக்கையின் நகல் குற்றப்பத்திரிகையோடு இருக்கிறதா என்று பார்த்த பிறகே உயர் நீதிமன்றத்தில் ரத்து கேட்பதா, இங்கேயே விசாரணையைச் சந்திப்பதா என்று முடிவு செய்ய முடியும். கிரிமினல் வக்கீலைப் பார்க்கப் போகும்போது நோட்டீசையும் எஃப்.ஐ.ஆர். நகலையும் எடுத்துப் போங்கள், பஞ்சநாமா நகல் கொடுத்திருந்தால் அதையும். எல்லாவற்றையும்விட, உறைக்கு அளவு குறித்து முன்பணம் வாங்கியதாகத் தாராவித் தோல்கடைக்காரர் கொடுத்த துண்டுச் சீட்டை லேமினேட் செய்யாமல் அப்படியே வைத்திருங்கள். கத்தி ஏன் காரில் இருந்தது என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே பதில் அது. அதில் உள்ள தேதி அந்த நாளுக்கு முந்தையதா என்பதை மட்டும் இன்று இரவே பார்த்துவிடுங்கள். பிந்தைய தேதியானால் அதையும் வெளியே எடுக்க வேண்டாம். கடைக்காரரிடம் போய்த் தேதி மாற்றித் தரச் சொல்லவும் வேண்டாம்.