பினாங்கில் வழக்குப் போட்டால் நஷ்டஈடு குறையுமா?

பினாங்கு, புக்கிட் மெர்தாஜாம் வாசகி ஒருவர் கேட்கிறார்: "தோசைக் கடை வைத்திருக்கும் என் அம்மாவுக்கு (57) 2024 மார்ச் 11-இல் ஜார்ஜ்டவுன் ஆஸ்பத்திரியில் பித்தப்பை ஆபரேஷன். பித்தக்குழாய் வெட்டுப்பட்டு மறுபடி வயிற்றைத் திறந்தார்கள். நியூயார்க்கில் இருக்கும் அண்ணன், நஷ்டஈடு ஊருக்கு ஊர் மாறும், கோலாலம்பூரில் வழக்குப் போடு என்கிறார். போடலாமா?"

அண்ணன் அவர் ஊர் நிலவரத்தைச் சொல்கிறார், அங்கே அது சரிதான். கலிபோர்னியாவில் வலி, வேதனைக்கான தொகைக்கு 1975 முதல் 250,000 டாலர் வரம்பு இருந்தது; 2023-இல்தான் உயர்த்தத் தொடங்கினார்கள். நியூயார்க்கில் வரம்பே கிடையாது. மருத்துவர் பெயரில் கட்டப்படும் நஷ்டஈடு 1990 முதல் அமெரிக்காவின் தேசியத் தரவு வங்கியில் பதிவாவதால் மாநிலவாரியாக ஒப்பிடவும் முடிகிறது. அந்தக் கணக்கிலும் ஓட்டை உண்டு: மருத்துவர் பெயரை வழக்கிலிருந்து எடுத்துவிட்டு மருத்துவமனை மட்டும் பணம் கட்டினால் பதிவில் வராது.

மலேசியாவில் நமக்கு அப்படியில்லை. பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் ஒரே சட்டம். 10 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வரை செஷன்ஸ் நீதிமன்றம், அதற்கு மேல் உயர்நீதிமன்றம். இரண்டும் பினாங்கிலேயே இருக்கின்றன. பஸ் ஏறிப் போவதால் ஒரு காசும் கூடுதலாகக் கிடைக்காது.

நீங்கள் சொல்லாமல் விட்டதுதான் முக்கியம்: ஆஸ்பத்திரி அரசாங்கத்துடையதா, தனியாரா? அரசாங்கம் என்றால் 1948-ஆம் ஆண்டுப் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி வழக்குப் போட 36 மாதம்தான். 2027 மார்ச் 11-க்குள் வழக்குப் பதிவாகியிருக்க வேண்டும். தனியார் என்றால் 6 ஆண்டு. (சபா, சரவாக்கில் காலவரம்புச் சட்டமே வேறு.) என்னிடம் ஒருவர் 37-ஆவது மாதம் வந்தார். பிளாஸ்டிக் பையில் எக்ஸ்ரே, ரசீது எல்லாம் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தார். புகார்க் கடிதத்துக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்தாராம். கடிதம் போய்வந்துகொண்டிருந்தாலும் காலவரம்பு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

தனியார் என்றால் இன்னொரு சாதகம்: "டாக்டர் எங்கள் ஊழியர் இல்லை" என்று மருத்துவமனை எளிதில் கைகழுவ முடியாது. 2024-இல் நம் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் சொன்னது அது.

தொகைக்கு வருவோம். இனி வரவேண்டிய வருமானத்தின் இழப்பைக் கணக்கிட, அம்மா வயதுக்காரர்களுக்கு 60-இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுப்பார்கள். அம்மாவுக்கு ஒன்றரை ஆண்டு. கடையில் செலவெல்லாம் போக மாதம் 2,000 வெள்ளி நின்றது என்றால் 36,000 வெள்ளி. அவ்வளவுதான். வலி, மறு ஆபரேஷன் செலவு, இனி ஆகும் சிகிச்சை எல்லாம் தனி. பெரிய தொகை அங்கேதான் வரும், ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

பித்தக்குழாய் காயம் "எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து" என்று எதிர்த்தரப்பு வாதாடும். அந்த ஆபத்தை அம்மாவிடம் முன்பே சொன்னார்களா? அதனால் மருத்துவ அறிக்கையோடு அவர் கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தின் நகலையும் இந்த வாரமே கேளுங்கள். அப்புறம், "ஜெயித்தால் எனக்கு ஒரு பங்கு" என்று பேரம் பேசும் லாயரிடம் போகாதீர்கள். அமெரிக்காவில் அது நடக்கும். இங்கே 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் தடுக்கிறது.