குடோனில் வைக்கும் மக்காச்சோளத்துக்குக் கடன் கிடைக்குமா?

பெரம்பலூர் பக்கமிருந்து ஒரு விவசாயி கேட்கிறார்: "100 குவிண்டால் மக்காச்சோளம் களத்தில் கிடக்கிறது. அறுவடை நேரம் என்பதால் விலை இல்லை. மூன்று மாதம் குடோனில் வைத்து விற்கலாமா? அதைக் காட்டிக் கடன் வாங்க முடியுமா?"

முடியும். ஆனால் எல்லாக் குடோன் சீட்டுக்கும் வங்கியில் ஒரே மதிப்பு இல்லை. ஊரிலுள்ள தனியார் குடோனில் மூட்டைக்கணக்கு எழுதித் தரும் துண்டுச்சீட்டு, சரக்கு உள்ளே போனது என்பதற்கு மட்டுமே சாட்சி. கடனுக்கு உதவுவது, 2007ஆம் ஆண்டின் கிடங்குச் சட்டப்படி கிடங்கு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்த கிடங்கு தரும் மாற்றத்தக்க ரசீது, அதாவது சரக்கை நகர்த்தாமலே இன்னொருவர் பெயருக்கு மாற்றவோ அடமானம் வைக்கவோ கூடிய ரசீது. இப்போது இது மின்னணு ரசீதாக, கம்பெனிப் பங்குகளைக் கணினியில் பதிந்து வைக்கும் டிமேட் கணக்கு போல, உங்கள் பெயரிலுள்ள கணக்கில் ஏறும். எடை, தரம், வைத்த தேதி, காலாவதி எல்லாம் அதில் இருக்கும். வங்கி கடன் கொடுத்ததும் அந்த ரசீதில் அடமானம் குறிக்கப்படும். அதை நீக்காமல் சரக்கு வெளியே வராது. கிசான் கடன் அட்டை வைத்திருக்கும் சிறு, குறு விவசாயி என்றால், இந்த ரசீதின் பேரில் அறுவடைக்குப் பிறகும் ஆறு மாதம் வரை பயிர்க்கடன் வட்டிச் சலுகை பெற வழி இருக்கிறது. வங்கியில் இதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள், தானாகச் சொல்ல மாட்டார்கள்.

தமிழ்நாடு சேமிப்புக் கிடங்கு நிறுவனத்தின் கிடங்குகளையும், பக்கத்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தையும் முதலில் விசாரியுங்கள். விற்பனைக்கூடங்களில் விளைபொருளை அடகாக வைத்துப் பெறும் பொருளீட்டுக் கடனும் உண்டு. எங்கே போனாலும், "ஆணையப் பதிவு இருக்கிறதா, எந்தத் தேதி வரை?" என்று கேட்டுவிடுங்கள்.

சரி, வைத்தால் லாபமா? பலர் வாடகையையும் வட்டியையும் கணக்குப் பார்ப்பார்கள், ஈரத்தை மறந்துவிடுவார்கள். 18 சதவீத ஈரத்தோடு இருக்கும் 100 குவிண்டாலை 12 சதவீதத்துக்குக் காயவைத்தால் ஏறக்குறைய 93 குவிண்டால்தான் தேறும். ஒரு மணி கூடச் சிந்தாமலே ஏழு குவிண்டால் குறையும். இன்று ஈரத்தோடு கேட்கும் விலையையும், பிறகு காய்ந்த சரக்குக்குக் கிடைக்கும் விலையையும் அப்படியே ஒப்பிட்டால் கணக்கு தப்பும். அதற்காகக் காயவைக்காமல் அடுக்கிவிடாதீர்கள். மூட்டை நடுவே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும், அஃப்ளாடாக்சின் நஞ்சு சேரும். நாமக்கல் கோழித்தீவன ஆலைக்காரர்கள் அதைச் சோதித்துத்தான் வாங்குகிறார்கள். நஞ்சு கூடுதலாக இருந்தால் சரக்கு திரும்பி வரும்.

கிடங்கை நேரில் போய்ப் பாருங்கள். மூட்டை வெறுந்தரையில் இல்லாமல் மரச்சட்டத்தின் மேல் இருக்கிறதா, சுவரை ஒட்டாமல் இடைவெளி இருக்கிறதா, வண்டுக்கு மருந்துப்புகை கடைசியாக எப்போது போட்டார்கள், தீ, வெள்ளம், திருட்டுக்குக் காப்பீடு உண்டா என்று விசாரியுங்கள். எடை போடும்போது நீங்களே பக்கத்தில் நில்லுங்கள்.

மொத்தத்தையும் வைக்க வேண்டியதில்லை. அவசரச் செலவுக்குப் பாதியை இப்போதே விற்றுவிட்டு, மீதியை மட்டும் வைப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. மின்னணு ரசீதில் சரக்கைப் பகுதி பகுதியாக விற்கவும் வசதி இருப்பதால், விலை ஏறும்போது கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம்.