ரியாலிட்டி ஷோ சண்டையெல்லாம் எழுதிக் கொடுத்து நடிப்பதா, நிஜமா?

வசனம் எழுதிக் கொடுப்பது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. எழுதிக் கொடுத்தால் நம்ம ஆட்களுக்கு நடிக்க வராது, பள்ளிக்கூட ஆண்டுவிழா மாதிரி ஒப்பித்துவிடுவார்கள். அதற்குத் தேவையும் இல்லை. பேசியதை வெட்டி இடம் மாற்றி வைத்தாலே போதும்.

நான் கோபிசெட்டிபாளையத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். அதற்கு முன் சென்னையில் இரண்டு வருடம் அசிஸ்டென்ட் எடிட்டர் வேலை. அங்கே கற்றுக்கொண்டதைவிட, எங்கள் சின்ன அத்தை டிவியில் வந்தபோது கற்றுக்கொண்டதுதான் அதிகம்.

அத்தைக்குக் கவுந்தப்பாடிப் பக்கம். ஒப்புட்டு செய்தால் அடுத்த தெருவரை வாசம் வரும். ஒரு சமையல் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று மகள் போன் நம்பர் கொடுத்துவிட, ஆடிஷனுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே சமையலைப் பற்றி இரண்டு கேள்வி, மருமகளைப் பற்றிப் பத்துக் கேள்வி. "உங்களுக்குக் கோபம் வருமா?", "வீட்ல யாரு கூடப் பேச்சுவார்த்தை இல்லை?" அத்தை ஒளிவுமறைவில்லாமல் பேசுகிற ஆள். செலக்ட் ஆகிவிட்டார். டிராமா பாதி இங்கேயே முடிந்துவிடுகிறது. ஒரு வாயாடி, ஒரு அழுமூஞ்சி, ஒரு அமைதி, பத்தாததற்கு ஒரு பெருமைக்காரர் என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கிப் போட்டால், அடுப்பைப் பற்ற வைப்பது மட்டும்தான் பாக்கி.

காலை ஆறு மணிக்கு வரச் சொன்னார்கள். ஷூட்டிங் தொடங்கியது பதினொரு மணிக்கு. உள்ளே நடந்து வருவதையே மூன்று தடவை எடுத்தார்களாம். மதியச் சாப்பாடு மூன்றரைக்கு. முடியும்போது ராத்திரி ஒன்பது. இத்தனை மணி நேரம் லைட் சூட்டில் நின்றால் யாருக்கும் வாய் கொஞ்சம் தடித்துத்தான் போகும். நடுவில் ஒரு பொண்ணு ஓரமாகக் கூட்டிப் போய், "பக்கத்துல சமைக்கிற அக்கா ஜெயிச்சா உங்களுக்கு ஓகேவாம்மா?" என்று ஒரே கேள்வியை நாலைந்து தடவை மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறது. அத்தை சொன்னது இது:

"அவிய ஜெயிச்சா எனக்குச் சந்தோசந்தானுங். எங்கம்மா செஞ்சாக்கூட நா நேராச் சொல்லிப்போடுவனுங், இனிப்பு பத்தாது, பதம் வல்லைன்னு."

டிவியில் வந்தது: பக்கத்தில் சமைத்த அந்தக் கரூர் அக்காவின் பால் கொழுக்கட்டையை நடுவர் வாயில் வைக்கிறார். உடனே அத்தையின் குரல், "இனிப்பு பத்தாது, பதம் வல்லை." அப்புறம் அத்தை அண்ணாந்து ஒரு முறை முறைக்கிறார். டொய்ங் என்று ஒரு மியூசிக். கரூர் அக்காவின் கண்ணில் தண்ணீர். விளம்பர இடைவேளை.

மறுநாள் காலை பால் சொசைட்டியில், "ஏனுங்க்கா, அந்தம்மா பாவம், அப்படியா மொறைப்பீங்க?" என்று கேட்டவர்கள் மட்டும் ஏழெட்டுப் பேர். அத்தை எனக்குப் போன் போட்டார். "ஏங்கண்ணு, அது நாஞ் சொன்னதுதான். ஆனா நா அப்படிச் சொல்லவே இல்லையே!" உங்கள் கேள்விக்கு இதைவிடச் சரியான பதில் எனக்குத் தெரியாது.

யூடியூபில் அந்த இடத்தை நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன். குரலுக்குப் பின்னால் மெலிசாக மிக்சி ஓடுகிறது. நடுவர் ருசி பார்க்கும் நேரத்தில் ஃப்ளோரில் எந்த மிக்சியும் ஓடாது. ஆக, குரல் காலையில் அரைக்கும்போது எடுத்த 'பைட்', அதாவது ஓரமாகக் கூட்டிப் போய் எடுத்த பேச்சுத் துண்டு. முறைக்கிற ஷாட்டில் அத்தை முந்தானையை இடுப்பில் சொருகியிருக்கிறார், முழங்கை வரை மைதா. நடுவர் வரும்போதோ கை கழுவி, சேலையைச் சரி செய்துகொண்டு நிற்கிறார். அப்படியானால் முறைத்தது எதை? கேட்டேன். மேலே லைட் மாட்ட ஒரு பையன் ஏணியில் ஏறியிருக்கிறான். "செருப்புக் கூட இல்லாம ஏறுனான், உழுந்து தொலைச்சுருவானோன்னு பாத்தேன்" என்றார்.

ஒரே முகத்தை எதற்குப் பக்கத்தில் வைக்கிறோமோ அந்த உணர்ச்சி அதில் ஏறிவிடும். ரஷ்யாவில் குலெஷோவ் என்பவர் சுமார் நூறு வருடம் முன்பே இதைச் செய்து காட்டிவிட்டார். ஒரு நடிகரின் அதே முகம்தான். சூப் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் பசி, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் துக்கம். வெவ்வேறு நேரத்தில் பேசியதை வெட்டி ஒட்டி ஒரே வாக்கியமாக்குவதற்கு அமெரிக்க எடிட்டர்கள் 'ஃபிராங்கன்பைட்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அங்கங்கே வெட்டியெடுத்த உடம்புகளைத் தைத்துச் செய்த பூதம் மாதிரியான பேச்சு என்று அர்த்தம். பேசுகிறவர் முகத்தைக் காட்டாமல் தட்டையோ, அடுத்தவர் முகத்தையோ காட்டிக்கொண்டே குரல் மட்டும் வந்தால், அங்கே ஒரு ஒட்டு இருக்க வாய்ப்பு அதிகம். நான் வீட்டில் டிவி பார்க்கும்போது இதைச் சொல்லிச் சொல்லியே என் மனைவி ரிமோட்டைப் பிடுங்கிக்கொள்கிறாள்.

பிக் பாஸ் மாதிரி நிகழ்ச்சிகளில் இந்தக் கணக்கு இன்னும் பெரிது. நெதர்லாந்தில் 1999-ல் பிக் பிரதர் என்று ஆரம்பித்தது, தமிழுக்கு 2017-ல் வந்தது. வீட்டில் கடிகாரம் கிடையாது, போன் கிடையாது, சட்டையில் எந்நேரமும் மைக். பத்துப் பதினைந்து பேருடைய 24 மணி நேரத்தை ராத்திரி ஒரு மணி நேரமாகச் சுருக்க வேண்டும். பல் துலக்கியதும் சிரித்துப் பேசியதும் அடிபடும். சண்டை நிற்கும். பதினைந்து பேர் இருந்தால் பதினைந்து விதமான நாள் அந்த ஃபுட்டேஜில் இருக்கும், நமக்குக் கிடைப்பது அதில் ஒன்றுதான். சண்டைக்கான விதையும் விதிமுறையிலேயே இருக்கிறது. நாமினேஷன் என்றால் உடன் இருப்பவர் மேல் குற்றம் சொல்லியே ஆக வேண்டும். நம்ம ஊர்ப் பெரியகுடும்பத்தில் வாரா வாரம் யாரை வெளியே அனுப்பலாம், காரணம் என்ன என்று ஒவ்வொருவரையும் தனியறையில் கூப்பிட்டுக் கேட்டால் எத்தனை நாள் ஒரே அடுப்பு எரியும்?

புரோமோ தனிக் கலை. அதில் கதவைச் சாத்திக்கொண்டு போகிறவர் நிகழ்ச்சியில் பாத்ரூமுக்குத்தான் போயிருப்பார்.

சரி, இதைக் கேட்க ஆள் இல்லையா என்று தோன்றும். அமெரிக்காவில் 1950களில் வினாடி வினா நிகழ்ச்சிகளில் விடையை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தது அம்பலமாகி, 1960-ல் சட்டமே கொண்டுவந்தார்கள். அந்தச் சட்டம் போட்டி முடிவில் கள்ளத்தனம் செய்வதோடு நின்றுகொண்டது. யாரை வில்லியாகக் காட்டலாம் என்பதில் தலையிடவில்லை. அத்தையும் பக்கம் பக்கமாக இங்கிலீஷில் இருந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளே போனார். எடிட் செய்யும் உரிமை முழுக்க அவர்களுடையது என்று அதில் ஒரு வரி இருந்தது. நான்தான் பிறகு படித்துச் சொன்னேன்.

அந்த எடிட்டர் மேல் எனக்குப் பெரிய கோபம் வரவில்லை. பத்து மணி நேர ஃபுட்டேஜைக் கொடுத்து, நாளைக்குள் முக்கால் மணி நேரம் வேண்டும், இடைவேளைக்கு முன் ஏதாவது நடக்க வேண்டும் என்றால் நானும் அந்த முறைப்பைத்தான் தேடியிருப்பேன். ஆனால் கரூர் அக்காவை அழ வைத்தது எப்படி என்பது மட்டும் இன்னும் உறுத்துகிறது. அவருடைய கண்ணீர் எந்த நேரத்து ஷாட்டோ.

போன தை மாதம் அத்தை மகள் கல்யாணம். வீடியோ நான்தான். எடிட் போய்க்கொண்டிருக்கும்போது அத்தை கடைக்கே வந்துவிட்டார். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏங்கண்ணு, தாலி கட்டறப்ப நா அழுகறாப்புல ஒண்ணு போட்டுரு. பந்திக்கு எலை பத்துமோ பத்தாதோங்கற ரோசனைல அன்னைக்கு அழுகவே மறந்துட்டேன்."

தேடினேன். சமையல்கட்டில் விறகடுப்புப் புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிற ஷாட் ஒன்று, நாலு விநாடி, இருந்தது. முகத்தை மட்டும் பெரிதாக்கி, கெட்டிமேளத்துக்கு நடுவில் போட்டேன். சொந்தத்தில் அதைப் பார்த்து அழாதவர்கள் இல்லை. அத்தையும்தான்.