கொழும்பில் சொந்தமாகத் தொலைகாட்டி செய்வது வீண்வேலையா?

"கொழும்பில் இருந்துகொண்டு வானம் பார்க்கும் தொலைகாட்டிக்கான கண்ணாடியை வீட்டிலேயே தேய்த்துச் செய்வதில் பயன் உண்டா? இந்த ஈரக்காற்றுக்கும் நகர வெளிச்சத்துக்கும் அது வீண்வேலைதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முன்னால் ஒருவர் "வீண்வேலை, ஒன்றை வாங்கிவிடுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஒரு வரிதான் என்னை எழுத வைக்கிறது.

நீங்களும் தொடர்மாடியில்தான் இருப்பீர்கள், பால்கனி ஒன்று இருக்கும், வீட்டில் யாரோ "இது எதுக்கு இப்ப?" என்று கேட்டிருப்பார்கள். காசு மிச்சமாகும் என்று நினைத்தால் இப்போதே விட்டுவிடுங்கள். ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டேன், பிறகு யாரும் கணக்குக் காட்டிச் சண்டைக்கு வரவேண்டாம். நான் நிபுணனும் அல்ல. கணக்காளர் வேலை, வெள்ளவத்தையில் நாலாம் மாடி வீடு, அவ்வளவுதான்.

என்னுடையது 6 அங்குலக் குழிவாடி. குவியத் தூரம் 48 அங்குலம். கண்ணாடிக் கடையில் மிஞ்சிய 19 மில்லிமீற்றர் தடிப்புத் துண்டில் இரண்டு வட்டம் வெட்டி வாங்கினேன். கீழே ஒன்று, மேலே ஒன்று, நடுவில் கார்பொரண்டம் தூளும் தண்ணீரும். மேலே உள்ளதைத் தள்ளித் தள்ளித் தேய்க்க, அது குழியும், கீழே உள்ளது குவியும். இவ்வளவு பாடுபட்டு நடுவில் விழும் குழி வெறும் 1.2 மில்லிமீற்றர்தான். தூளை எங்கே வாங்குவது என்று திண்டாடவேண்டாம். இரத்தினக்கல் பட்டை தீட்டுபவர்கள் பாவிப்பதும் இதே தூள்தான், கடைசி மெருகுக்கான சீரியம் ஒக்சைட்டும் அவர்களிடமே இருக்கும். எனக்கு பேருவளையில் கல் தீட்டும் நண்பர் ஒருவர் 80ஆம் இலக்கத்திலிருந்து 600 வரை பொட்டலம் கட்டித் தந்தார் (இலக்கம் கூடக் கூடத் தூள் நுண்மையாகும்). இந்த விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள்.

எங்கள் ஊருக்கே உரிய தொல்லை இரண்டு. ஒன்று, கடலோர மரீன் டிரைவ் பக்கத்துக் காற்று. 400ஆம் இலக்கத் தூளில் நிற்கும்போது எங்கிருந்தோ ஒரு மணல் விழுந்து கண்ணாடிக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டது. திரும்ப 220க்குப் போனேன், பத்து நாள் வேலை போச்சு. மற்றது சூடு. மெருகேற்றப் பாவிக்கும் கீல் நம்முடைய 30 பாகை வெப்பத்தில் இளகி ஓடி, கண்ணாடியின் விளிம்பைச் சரித்துவிடும். பைன் பிசின் சேர்த்துக் காய்ச்சி இறுக்கிக்கொள்ளவேண்டும். வடிவம் சரியா என்று பார்க்க, பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ 1858இல் சொன்ன கத்திமுனைச் சோதனையே போதும்: கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி குவியும் இடத்தில் கத்திமுனையை நுழைத்து, கண்ணாடியில் தெரியும் நிழலைப் பார்ப்பது. ஒரு எல்இடி, ஒரு சவர அலகு, எட்டடி நீள நடைபாதை. மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள், காற்று அசைந்தால் நிழலும் நெளியும். இந்த அளவுக் கண்ணாடி பரவளைவாக (தூரத்து ஒளியை ஒரே புள்ளியில் குவிக்கும் வடிவம்) வராமல் கோளமாகவே நின்றாலும் ஏறத்தாழச் சமாளித்துவிடும், பயப்படவேண்டாம். (பரவளைவு ஆக்கியே தீரவேண்டும் என்று சொல்ல வருபவர்களுக்கு: தெரியும் ஐயா, நானும் ஆக்கினேன்.)

கண்ணாடி ஒளியைத் தெறிக்கவேண்டுமே, இந்தியாவுக்குப் போன நண்பரிடம் கொடுத்து அலுமினியம் பூசுவித்தேன். தாங்கி, ஜோன் டொப்சன் காட்டிய வழியில் பலகையால் செய்த பெட்டிதான். கொழும்பு இருப்பது 7 பாகை அகலாங்கில், அதனால் வானத் துருவமும் அடிவானத்துக்கு மேலே 7 பாகையில்தான். அந்தத் துருவத்தை நோக்கிச் சாய்க்கும் கடைத் தாங்கிகள் பல அவ்வளவு கீழே இறங்கவே மாட்டா. டொப்சன் சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண வழி மடமொன்றில் துறவியாக இருந்தவர் என்று அறிந்த பிறகு, இங்குள்ள இராமகிருஷ்ண மிஷன் பக்கம் போகும்போதெல்லாம் அவர் ஞாபகம் வரும்.

சரி, பராமரிப்புக்கு வருகிறேன். அங்கேதான் எனக்குக் காயம்.

2022 பொங்கலுக்கு முதல் நாள் வேலையால் வீட்டுக்கு வந்தேன். குத்துவிளக்கு, செம்பு, தாம்பாளம் எல்லாம் வரிசையாக மின்னிக்கொண்டிருந்தன. கடைசியில் என் கண்ணாடி. "தம்பி, உதிலை ஒரே புகார் படிஞ்சு கிடந்தது. விபூதி போட்டு மினுக்கிப்போட்டன், பார்" என்றார் அம்மா. வெள்ளிச் சாமானுக்கு அவர் கைகண்ட வைத்தியம் அது. அலுமினியப் பூச்சின் தடிப்போ ஒரு மில்லிமீற்றரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன், கண்ணாடியூடாகக் குழல் விளக்குத் தெரிந்தது.

அம்மாவைக் குறை சொல்ல எழுதவில்லை. திறந்தபடி வைத்தது என் பிழை. படிந்திருந்தது கடலுப்பு, அதை உலரத் துடைக்கவே கூடாது. வருடத்துக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு, ஒரு சொட்டுச் சவர்க்காரத் திரவத்தில் நனைத்த பஞ்சை அதன் சொந்தப் பாரத்திலேயே இழுத்து, காய்ச்சி வடித்த நீரால் அலசிச் சாய்த்து வைத்தால் போதும். மற்ற நாட்களில் மூடி போட்டு, சிலிக்கா ஜெல்லோடு பெட்டிக்குள். கண் வைத்துப் பார்க்கும் வில்லைகளும் அப்படித்தான், இல்லாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் பங்கசு வலை பின்னிவிடும்.

அந்த நேரம் நாட்டில் டொலர் இல்லை, போய்வரும் ஆளும் இல்லை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பெரிக் குளோரைட் வாங்கி மிச்ச அலுமினியத்தைக் கழுவினேன். பிறகு பழைய முறையில் வெள்ளி பூசினேன். சில்வர் நைத்திரேற்று, அமோனியா, குளுக்கோசு என்று உயர்தர வகுப்பு (ஏ.எல்.) இரசாயனவியலில் படித்ததுதான். வகுப்பில் அந்தப் பரிசோதனையை ஒருவரும் செய்து காட்டவில்லை, குறிப்பு மட்டும் எழுதுவித்தார்கள், அது வேறு கதை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அந்தக் கரைசலில் மிஞ்சியதை வைத்திருக்கவே கூடாது. வைத்தால் வெடிக்கும். உடனே அமிலம் கலந்து அழித்துவிடுங்கள்.

மார்ச் கடைசியில் 13 மணிநேர மின்வெட்டு வந்தது, உங்களுக்கும் நினைவிருக்கும். நிலாவும் இல்லாத இரவு. எங்கள் பக்கத்துப் பெருந்தெருவான காலி வீதி கறுத்துக் கிடந்தது. எங்கள் கட்டட மொட்டைமாடிச் சாவி நிர்வாகக் குழுத் தலைவரிடம். மாதாமாதம் பராமரிப்புக் காசு வாங்குவார், சாவி கேட்டால் மட்டும் "பாதுகாப்புப் பிரச்சினை" என்பார். அதே மாடியில் அவர் வீட்டு மிளகாய் காயும், அதற்குப் பாதுகாப்புப் பிரச்சினை இல்லை. அன்றைக்கு அவருக்கே வீட்டுக்குள் வேர்த்துக்கொட்ட, தானாகத் திறந்துவிட்டார்.

தெற்கே தென்சிலுவை விண்மீன் கூட்டம் வெறுங்கண்ணுக்கே தெளிவாக நின்றது. அதற்கு இடப்பக்கம் ஒமேகா சென்டோரி, பந்துபோலத் திரண்ட விண்மீன் கொத்து. வட ஐரோப்பாவில் இருக்கும் என் மச்சானின் பெரிய தொலைகாட்டிக்கு அது அடிவானத்துக்கு மேலே வரவே வராது. லிப்ட் இல்லாத நேரத்தில் அம்மாவும் படியேறி வந்து கண்ணை வைத்தார். கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அரிசிமா கொட்டுப்பட்ட மாதிரிக் கிடக்குத் தம்பி" என்றார். பின்னால் வரிசை. தலைவரும் நின்றார், அவருக்கும் காட்டினேன்.

அந்த வெள்ளிப் பூச்சு ஆடி மாதத்துக்குள் கறுத்துவிட்டது, கடற்காற்றுக்கு அதன் ஆயுள் அவ்வளவுதான். அடுத்த வருடம் திரும்பவும் அலுமினியம் பூசுவித்தேன், இன்றுவரை நன்றாக இருக்கிறது. பெட்டிக்கு ஒரு பூட்டும் போட்டிருக்கிறேன். பொங்கலுக்கு முந்தின கிழமை மட்டும் அதன் சாவி என் சட்டைப்பையில் இருக்கும்.