தேர்தல் முடிவுக்கு மறுநாள் காலை

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். "இங்கிலாந்தில் மெய்ட்ஸ்டன் ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் கேர் வேலைக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. எங்கள் கெண்ட் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) தேர்தல் முடிவு வந்த அன்று, நான் தினமும் குளிப்பாட்டித் தலைவாரிவிடும் பாட்டி டிவியைப் பார்த்துக் கைதட்டினார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. நம்மை வேண்டாம் என்று வாக்களித்தவர்கள் நடுவில் எப்படி அக்கா இருப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் வருத்தம் நியாயமானது. "அரசியலைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2025 மே தேர்தலில் கெண்ட் கவுன்சிலின் 81 இடங்களில் 57 ரிஃபார்ம் கட்சிக்குப் போனது. 28 வருஷமாகக் கன்சர்வேட்டிவ் கையில் இருந்த கவுண்டி இது. குடியேற்றம் கூடாது என்பதை முதல் பேச்சாக வைத்து ஒரு கட்சி இப்படி ஜெயிக்கும்போது, குடியேறி வந்தவனுக்கு வலிக்கத்தான் செய்யும்.

எனக்கு அப்படி ஒரு காலை 2016-ல் வந்தது. ஜூன் 23 வாக்கெடுப்பு, அன்று எனக்கு நைட் டூட்டி. விடியற்காலை நாலே முக்கால் இருக்கும், ஸ்டாஃப் ரூம் டிவியில் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுகிறது என்று அறிவித்தார்கள். என்னோடு டூட்டியில் இருந்த போர்ச்சுகல் நர்ஸ் டீக் கப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். பன்னிரண்டு வருஷம் இங்கே வேலை செய்தவள், ஆனால் அந்த வாக்கெடுப்பில் அவளுக்கு ஓட்டு இல்லை. எனக்கு இருந்தது. காமன்வெல்த் நாட்டுக்காரி என்பதால் இந்தியப் பாஸ்போர்ட்டோடு போய் ஓட்டுப் போட்டிருந்தேன். போட்டும் தோற்றோம். நாடு முழுக்க 51.9-க்கு 48.1 என்றால், நான் இருக்கும், உங்களுக்குப் பக்கத்து மெட்வே பகுதியில் நூற்றுக்கு 64 பேர் வெளியேறத்தான் வாக்களித்திருந்தார்கள்.

காலை எட்டரைக்கு வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். பக்கத்து வீட்டுத் தாத்தா வேலிச் செடியை வெட்டிக்கொண்டிருந்தார். அவர் வீட்டு ஜன்னலில் ஒரு மாதமாக 'லீவ்' (வெளியேறு) போஸ்டர் ஒட்டியிருந்தது. வழக்கம்போல "மார்னிங், லவ்" என்றார். நான் காதில் விழாத மாதிரி உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டேன். பத்து நாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

எங்கள் தெருவில் வாரம் ஒருநாள் குப்பைத் தொட்டியை வாசலில் உருட்டி வைக்க வேண்டும். நைட் டூட்டி இருந்தால் நான் மறந்துவிடுவேன், பல வருஷமாக அவர்தான் வைப்பார். அந்தப் பத்து நாளிலும் தொட்டி சரியான நாளில் வெளியே போயிருந்தது. காலியான பின் கைப்பிடி சுவர் பக்கம் இருக்கிற மாதிரித் திருப்பி, பழைய இடத்தில் வைத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு எத்தனை நாள்தான் பேசாமல் இருப்பது? போய்க் கதவைத் தட்டினேன். "ஏன் அப்படிப் போட்டீங்க?" என்று நேராகவே கேட்டேன்.

அவர் எங்கள் மெட்வேயிலேயே சாத்தம் என்ற ஊரில் இருந்த கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தவர். 1984-ல் அதை மூடினார்கள், ஆயிரக்கணக்கான வேலை ஒரேயடியாகப் போனது. அதற்கப்புறம் வந்த எந்தக் கட்சியும் இந்த ஊரைத் திரும்பிப் பார்க்கவில்லை என்றார். "என் ஓட்டு உனக்கு எதிரானது இல்லை" என்றும் சொன்னார். தம்பி, அதை நான் முழுசாக ஏற்றுக்கொள்ளவில்லை. யாரை நினைத்துப் போட்டாலும் அது என் போர்ச்சுகல் தோழிமேலும் விழுந்தது, இரண்டு வருஷத்தில் அவள் ஊர் திரும்பினாள். அதை அவரிடமே சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார், ஆனால் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. நானும் மாற்றிக்கொள்ளவில்லை. பேச்சு மட்டும் நிற்கவில்லை.

எங்கள் விருதுநகர்ப் பக்கம் பெரியவர்கள் 1967 பற்றிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். காமராஜரையே சொந்த ஊர் தோற்கடித்தது, அதுவும் ஒரு மாணவர் தலைவரிடம். என் தாத்தா அன்று சாப்பிடவே இல்லையாம். எதிர்க்கட்சிக்குப் போட்ட தன் தம்பியோடு நாலு வருஷம் பேசவும் இல்லை. அந்த நாலு வருஷத்தைப் பற்றிச் சாகும்வரை வருத்தப்பட்டார். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டும்போது எனக்கு அவர் ஞாபகம்தான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கவுண்டி கவுன்சிலுக்கும் உங்கள் விசாவுக்கும் சம்பந்தமில்லை. விசா லண்டனில் ஹோம் ஆபீஸ் (உள்துறை) கையில் இருக்கிறது. கவுன்சில் பார்ப்பது சாலை, பள்ளி, நூலகம், முக்கியமாக முதியோர் பராமரிப்பு. உங்கள் இல்லத்தில் இருக்கும் பலருக்கு அங்கிருந்துதான் பணம் வரும். மனைவியை அழைத்துவர முடியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள், அதற்குக் காரணம் 2024 மார்ச்சில் கன்சர்வேட்டிவ் அரசு போட்ட விதி. வெளிநாட்டிலிருந்து கேர் வேலைக்கு ஆள் எடுப்பதை நிறுத்துவதாக 2025 மே 12-ல் அறிவித்தது லேபர் அரசு. இங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு ஐந்து வருஷத்தைப் பத்தாக்கும் யோசனையும் அந்த அறிவிப்பில்தான் இருந்தது. அதனால் ஒரு கட்சி தோற்றதால் எல்லாம் போயிற்று என்றும் நினைக்க வேண்டாம், இன்னொன்று வந்தால் எல்லாம் சரியாகும் என்றும் இருக்க வேண்டாம். இன்னொன்று, நீங்கள் நினைப்பதுபோல ஊரே கூடி உங்களுக்கு எதிராக வாக்களிக்கவில்லை. பாதிக்கு மேற்பட்டவர்கள் வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை.

அப்படிப் போகாதவர்களில் நீங்களும் ஒருவர். தெரியாமல்தான் இருந்திருப்பீர்கள், ஏனென்றால் ஏஜென்சிக்காரர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. வேலை விசாவில் இருக்கும் இந்தியருக்கு, இலங்கையருக்கு இங்கிலாந்தில் எல்லாத் தேர்தலிலும் ஓட்டு உண்டு, நாடாளுமன்றத் தேர்தல் உட்பட. நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணை வைத்து ஆன்லைனில் ஐந்து நிமிஷத்தில் பதிந்துவிடலாம். வாக்குச்சாவடியில் அடையாளம் கேட்பார்கள், உங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டே போதும். இங்கே தேர்தல் வியாழக்கிழமைதான் வரும், அன்று டூட்டிக்கு மாட்டிக்கொள்பவர்கள் தபால் ஓட்டுக்கும் மனுப் போட்டுவிடுங்கள். எங்கள் ஜில்லிங்கம் தொகுதி 14 வருஷம் கன்சர்வேட்டிவ் கையில் இருந்து 2024 ஜூலை நாடாளுமன்றத் தேர்தலில் லேபருக்கு மாறியது. அன்று காலை தாத்தாவும் நானும் ஒன்றாகவே நடந்துபோய், நூலில் கட்டிய அதே பென்சிலால் ஆளுக்கொரு பக்கம் போட்டுவிட்டு வந்தோம். அந்தத் தடவை தோற்றது அவர். மறுநாளும் தொட்டி வெளியே இருந்தது.

பாட்டியிடம் மட்டும் அரசியல் கேட்காதீர்கள். அவர் உங்கள் பராமரிப்பில் இருப்பவர், உங்கள் கையை நம்பித்தான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிறார். அவரிடம் இதைப் பற்றி விவாதம் செய்வது நம் வேலைக்கு ஆகாது. கேட்க வேண்டும் போல இருந்தால் கூட வேலை செய்பவர்களிடம், தெருவில் பழகினவர்களிடம் கேளுங்கள். யாராவது நிறத்தைச் சொல்லித் திட்டினால் அது வேறு விஷயம். தேதி, நேரம் எழுதி வைத்து அன்றைக்கே மேனேஜரிடம் கொடுங்கள், பொறுத்துப் போகாதீர்கள்.

திங்கட்கிழமை டூட்டிக்குப் போங்கள். பாட்டிக்கு எந்தப் பக்கம் வகிடு எடுத்தால் பிடிக்கும் என்று உங்களுக்குத்தானே தெரியும்.