பழைய அம்பாசிடருக்கு எந்த இன்ஜின் போடலாம்?

கேள்வி: அப்பா வைத்திருந்த 1985 மாடல் அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல் வண்டி. நீலப்புகை விடுகிறது, ஆயிலும் குடிக்கிறது. மாதத்துக்கு இரண்டு மூன்று முறைதான் எடுக்கிறேன். "இன்ஜினைத் தூக்கிட்டு இசுசு டீசல் போட்டுடலாம் சார்" என்கிறார் மெக்கானிக். சரியா வருமா? (மதுரை வாசகர்)

பதில்: டீசல் யோசனையை விட்டுவிடுங்கள். மாதம் இரண்டு முறை ஓடும் வண்டியில் டீசலால் மிச்சமாகும் காசு, இன்ஜின் மாற்றும் செலவை எந்தக் காலத்திலும் ஈடுகட்டாது. முன்பக்கம் எடை கூடும், அதிர்வும் கூடும். ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) எரிபொருளையே மாற்ற வேண்டியிருக்கும்.

உண்மையில் இன்ஜின் மாற்றத்தான் வேண்டுமா? முதலில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் எழுப்பும் அழுத்தம்) பாருங்கள். அழுத்தம் குறைவாக உள்ள சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தால், அளவு ஏறினால் பிஸ்டன் ரிங், போர் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்பு). இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு, மறுபடி மிதிக்கும்போது மட்டும் குபுக்கென்று நீலப்புகை வந்தால் வால்வு கைடு (வால்வு ஏறி இறங்கும் குழல்) தேய்ந்திருக்கும். அதற்கு ஹெட் வேலையே போதும்.

உங்கள் வண்டியில் இருப்பது 1489 சிசி பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) இன்ஜின். மறுபடி மறுபடி வேலை பார்க்கத் தோதான பழைய இரும்பு பிளாக். போர் செய்து, அதாவது சிலிண்டரைக் கடைந்து சற்றுப் பெரிதாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். அந்த அளவெல்லாம் முடிந்திருந்தால் ஸ்லீவ் (சிலிண்டருக்குள் புது உறை) அடிக்கலாம். கிராங்க்கையும் கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற பேரிங் போடலாம். ஹெட்டைக் கழற்றியதோடு கடின வால்வு சீட்டும் போடச் சொல்லுங்கள். வால்வு சீட்டைத் தேயாமல் காத்துவந்த ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நின்றுபோனது. உங்கள் இன்ஜின் அதற்கு முந்தைய காலத்தது. இப்போதைய எத்தனால் பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் ஹோஸ் தாங்காது, அதையும் மாற்றிவிடுங்கள்.

பிளாக்கிலேயே விரிசல், இனி உதவாது என்றால், அதே 1489 பெட்ரோல் இன்ஜினைத் தேடுங்கள். மவுண்டிங், பெல் ஹவுசிங், கியர்பாக்ஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்று எதையும் வெட்டி ஒட்ட வேண்டாம். சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய உதிரிபாகம் விற்கும் இடங்களில் வாங்கினால் பில்லும், அந்த இன்ஜின் இருந்த வண்டியின் ஆர்.சி. நகலும் கேட்டு வாங்குங்கள். இன்ஜின் நம்பரைத் தட்டி அழித்திருந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள். திருட்டு வண்டி இன்ஜினாக இருக்கலாம்.

வேகம் வேண்டும் என்றால் 1990-களில் அம்பாசிடரிலேயே வந்த இசுசு 1817 சிசி பெட்ரோல் இன்ஜின் ஒன்று இருக்கிறது. சுமார் 75 குதிரைத் திறன், ஐந்து கியர். ஓட்ட அருமையாக இருக்கும், எனக்கும் பிடித்த இன்ஜின்தான். ஆனால் இன்ஜினை மட்டும் வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். அதன் கியர்பாக்ஸ், கிளட்ச், ரேடியேட்டர், மவுண்டிங் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து மொத்தமாகக் கிடைக்க வேண்டும். ஒவ்வொன்றாகத் தேடினால் வண்டி மாதக்கணக்கில் பட்டறையில் நிற்கும். அப்புறம் பிரேக். உங்கள் வண்டியில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். கூடின வேகத்துக்கு ஏற்ப அதையும் மேம்படுத்த வேண்டும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் பழைய இன்ஜினை போர் செய்வதே பாதிச் செலவில் முடியும்.

எதைப் போட்டாலும் ஆர்.டி.ஓ. அனுமதி முதலில், பட்டறை பிறகு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, வண்டியைத் தயாரிப்பாளர் சொன்ன விவரத்திலிருந்து மாறுபடும்படி மாற்றக் கூடாது. அதே வகை இன்ஜின் என்றால் ஆர்.சி.யில் நம்பர் மாறும். சிசி கூடினால் அது வேறு கதை; முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ.விடம் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். பதினைந்து வருடம் தாண்டிய உங்கள் வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது ஆய்வாளர் இன்ஜின் நம்பரையும் பார்ப்பார். புது நம்பரை இன்ஷூரன்ஸிலும் ஏற்றிவிடுங்கள். நம்பர் பொருந்தாவிட்டால், விபத்து நேர்ந்த பிறகு கிளைம் வாங்குவது பெரும்பாடு.