பாதம் எரிகிறது, கணுக்கால் வீங்கியிருக்கிறது: எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: எனக்கு வயது 54. பதினொரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின் 1000 மி.கி. காலை, இரவு இரு வேளையும், ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மி.கி.யும் சாப்பிடுகிறேன். சைவம்; முட்டையும் கிடையாது. ஓராண்டாக இரவில் படுத்தால் இரண்டு உள்ளங்காலும் திகுதிகுவென எரிகின்றன. விரல்களில் எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது. சில நேரம் பாதத்துக்குள் செல்போன் அதிர்வதுபோலத் துடிக்கிறது. நடந்தால் பஞ்சின்மேல் கால் வைப்பதுபோல இருக்கிறது. போன மாதம் செருப்பு கழன்றது தெரியாமல் பத்தடி நடந்துவிட்டேன். மருந்துக்கடையில் நரம்புச் சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். இரவில் வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைக்கிறேன். இது நரம்புத் தளர்ச்சியா? இரண்டு வாரமாக வலது கணுக்கால் கொஞ்சம் வீங்கிச் சூடாக இருக்கிறது. வலி இல்லாததால் அதைப் பொருட்படுத்தவில்லை.

பதில்: உங்கள் கடைசி இரண்டு வரியிலிருந்து தொடங்குகிறேன். அவசரம் அங்கேதான் இருக்கிறது.

பல ஆண்டுகள் சர்க்கரை நோய் உள்ளவருக்கு, பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும் நிலையில், ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அதைச் 'சார்கோ பாதம்' என்றே எண்ணி நடக்க வேண்டும். 1868இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயர் அது. நடப்பது இதுதான்: கால் லேசாகப் பிசகுகிறது, உணர்ச்சி குறைந்ததால் வலி தெரிவதில்லை, அதே காலில் தொடர்ந்து நடக்கிறீர்கள். உள்ளே அழற்சி கூடி, எலும்பு மிருதுவாகி, பாதத்தின் நடுப்பகுதியிலும் கணுக்காலிலும் உள்ள எலும்புகள் நொறுங்கத் தொடங்குகின்றன. வலி இல்லை என்பது இங்கே நல்ல செய்தி அல்ல. கவனிக்காமல் விட்டால் உள்ளங்கால் வளைவு சரிந்து, தொட்டிலின் அடிக்கட்டைபோலக் கீழ்நோக்கிப் புடைத்துவிடும். பிறகு அந்தப் புடைப்பில் புண் வரும்.

எனவே இன்றிலிருந்து வலது காலை ஊன்றி நடப்பதை முடிந்தவரை குறைத்துவிடுங்கள். சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து நீவிவிட யாரிடமும் காலைக் கொடுக்காதீர்கள். ஓரிரு நாளுக்குள் சர்க்கரை நோய்ப் பாதச் சிகிச்சை செய்பவரையோ எலும்பு மருத்துவரையோ பாருங்கள். இரண்டு பாதங்களின் வெப்பத்தையும் கருவியால் அளந்து ஒப்பிடுவார்கள். 2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேறுபாடு இருந்தால் சந்தேகம் வலுக்கும். தொடக்கத்தில் எக்ஸ்ரே இயல்பாகவே இருக்கலாம். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று அனுப்பினால், எம்.ஆர்.ஐ. தேவைப்படுமா என்று கேளுங்கள். சார்கோ உறுதியானால் முழங்காலுக்குக் கீழ்வரை கட்டுப் போட்டு, பாரம் ஏறாமல் சில மாதங்கள் காக்க வேண்டியிருக்கும். நீண்ட காலம்தான், ஆனால் பாதத்தின் உருவம் தப்பிக்கும்.

அம்லோடிபினும் கணுக்காலை வீங்க வைக்கும். ஆனால் அது பெரும்பாலும் இரு காலிலும் வரும், சூடு இருக்காது. ஒற்றைக் காலின் சூடான வீக்கத்துக்கு அந்த மாத்திரைமேல் பழி போட முடியாது. காய்ச்சல், பரவும் சிவப்பு, தோலில் வெடிப்பு இருந்தால் கிருமித் தொற்று. கெண்டைக்கால் வீங்கி இறுகி வலித்தால் ரத்தக் குழாயில் உறைகட்டி. இந்த இரண்டில் எதன் அடையாளம் தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கூடவே மூச்சு வாங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

இனி எரிச்சலுக்கு வருவோம். 'நரம்புத் தளர்ச்சி' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். கை நடுக்கம் முதல் மனச்சோர்வு வரை எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரை வைத்து, உண்மையான காரணத்தைத் தேடாமல் விட்டுவிடுகிறோம். உங்களுக்கு இருப்பது நரம்பு நுனிகளின் பாதிப்பு. உடலிலேயே நீளமான நரம்புகள் கால் விரல்வரை போகின்றன. சர்க்கரை முதலில் கெடுப்பது அவற்றின் நுனியைத்தான். அதனால்தான் இரு பாதத்திலும் ஒரே மாதிரி விரலில் தொடங்கி, காலுறை அணிந்ததுபோல மேலே ஏறுகிறது. எரிச்சலும் எறும்பு ஊர்வதும் நோயுற்ற நரம்பு தவறாக அனுப்பும் செய்திகள். பஞ்சில் நடப்பதும் செருப்பு கழன்றது தெரியாததும் செய்தியே வராமல் போவதன் அடையாளங்கள். எரிச்சல் தூக்கத்தைக் கெடுக்கும். காலைப் பறிப்பது உணர்ச்சியின்மை. செல்போன்போன்ற அதிர்வு பெரும்பாலும் சிறு தசைகள் தாமாகத் துடிப்பது. தசை மெலியாமல், பலம் குறையாமல் இருந்தால் அதற்காகப் பயப்பட வேண்டாம்.

எல்லாவற்றையும் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. உங்கள் விஷயத்தில் பி12 குறைபாட்டுக்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. மெட்ஃபார்மின் குடலில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். அளவும் ஆண்டுகளும் கூடக்கூட இது அதிகமாகும். சைவ உணவில் பாலும் தயிரும் தவிர அதற்கு வேறு வழி ஏறக்குறைய இல்லை. ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு. 200 முதல் 300 வரை சந்தேக எல்லை. நீங்கள் சாப்பிடும் சத்து மாத்திரையில் பி12 இருந்தால் ரத்த அளவு நன்றாக இருப்பதுபோலக் காட்டும். ஆகவே பரிசோதனைக்கு முன் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தேவைப்பட்டால், பி12 குறையும்போது ரத்தத்தில் கூடும் மெத்தில்மலோனிக் அமிலத்தின் அளவைப் பார்க்கலாம். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள். பி12ஐ ஊசியாகவோ 1000 மைக்ரோகிராம் மாத்திரையாகவோ ஈடுகட்டலாம். ஃபோலிக் அமிலம் மட்டும் எடுத்தால் பி12 குறைவால் வந்த ரத்தசோகை சரியாகும். நரம்புச் சேதமோ உள்ளே தொடரும்.

அந்த மாத்திரை அட்டையைத் திருப்பி, பைரிடாக்சின் எவ்வளவு என்று பாருங்கள். அது பி6. நாளொன்றுக்கு நமக்குத் தேவை சுமார் 2 மி.கி.தான், சில மாத்திரைகளில் அதைப்போல் பல மடங்கு இருக்கும். மாதக்கணக்கில் அதிக அளவில் எடுத்தால் இந்த பி6 சத்தே நரம்பைக் கெடுத்து, இதே மதமதப்பையும் எரிச்சலையும் உண்டாக்கும். நரம்புக்கு நல்லது என்று விழுங்குவதே நரம்புக்குப் பகையாவதைப் பலரும் அறிவதில்லை. பி12 சோதனையுடன் எச்.பி.ஏ.1சி. (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), டி.எஸ்.ஹெச். (தைராய்டு), கிரியேட்டினின் (சிறுநீரகம்), ஹீமோகுளோபின் ஆகியவற்றையும் பார்த்துவிடலாம். சர்க்கரை மிக உயர்ந்திருந்தால் ஒரே மூச்சில் இறக்காமல் படிப்படியாக இறக்குவார்கள். திடீர் இறக்கம் எரிச்சலைக் கூட்டக்கூடும்.

உங்களைப் போலவே எழுதும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எந்த இடம், ஒரு காலா இரு காலா, எப்போது என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு போனால் பாதி நோயறிதல் முடிந்துவிடும். ஒரு உள்ளங்கால் மட்டும் எரிந்து, உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் தட்டினால் விரல்வரை சுரீரென ஓடினால், அங்கே நரம்பு நெருக்கப்படுகிறது. இடுப்பில் நரம்பு அழுந்துவதால் வருவது பெருவிரலையும் மேற்பாதத்தையும், அல்லது சுண்டுவிரலையும் வெளி ஓரத்தையும் பிடிக்கும். அதோடு சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். நெடுநேரம் சப்பணமிட்டு உட்கார்ந்தபின் பாதத்தைத் தூக்க முடியவில்லை என்றால், முழங்காலின் வெளிப்பக்கத்தில் நரம்பு அழுந்தியிருக்கிறது. நடந்தால் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விட்டுப்போவது ரத்த ஓட்டக் குறை. வெளிறிய அல்லது சிவந்த தேமலில் உணர்ச்சி இல்லையென்றால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்கு மருந்து இலவசம்.

எரிச்சலைத் தணிக்க டுலோக்செட்டின் 30 மி.கி.யில் தொடங்கி 60 வரை, அல்லது பிரிகாபாலின், அல்லது இரவில் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. என்று மருந்துகள் உண்டு. பலன் தெரிய இரண்டு மூன்று வாரமாகும். இவை எரிச்சலை அடக்கும், இழந்த உணர்ச்சியைத் திருப்பித் தராது. பிரிகாபாலின் காலை வீங்க வைக்கும் என்பதால், உங்கள் கணுக்கால் விவகாரம் முடியும்வரை நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

வெந்நீர் வைத்தியத்தை இன்றே நிறுத்துங்கள். சூடு தெரியாத காலை வெந்நீரில் வைத்தால் கொப்புளம் வந்தபின்தான் தெரியும். சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தைச் சுற்றுவதும் அப்படித்தான். கழுவியபின் விரலிடுக்கைத் துடைத்து உலரவிடுங்கள். எண்ணெயைப் பாதத்தில் தடவலாம், இடுக்கில் வேண்டாம். கணுக்கால் சரியானபின் குதிகால் வார் வைத்த எம்.சி.ஆர். (மெத்தென்ற நுண்துளை ரப்பர்) செருப்பு வாங்குங்கள். போடுமுன் உள்ளே கையை விட்டு, கல், ஆணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

மருத்துவரைப் பார்க்கும்முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம்; இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் உருவானது, கருவி ஏதும் தேவையில்லை. நீங்கள் கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் ஆட்காட்டி விரல் நுனியால், இறகு படுவதுபோல, ஒன்றிரண்டு நொடி உங்கள் கால்விரல் நுனிகளைத் தொடட்டும். முதலில் வலது பெருவிரல், வலது சுண்டுவிரல். பிறகு இடது பெருவிரல், இடது சுண்டுவிரல். கடைசியாக வலது நடுவிரல், இடது நடுவிரல். அழுத்தவோ தட்டவோ கூடாது, ஒரு விரலுக்கு ஒரே ஒரு முறை. தொட்டது தெரிந்தால் வலது, இடது என்று சொல்லுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தவறினால், பாதத்தைக் காக்கும் உணர்ச்சி போயிருக்கிறது என்று பொருள். எந்தெந்த விரல் தவறியது என்று ஒரு தாளில் எழுதி, மாத்திரை அட்டைகளோடு எடுத்துச் செல்லுங்கள்.